சுவரில் மாட்டிய கை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் உட்கார்ந்து யோசித்துப் பிடிக்கவில்லை. ஆகஸ்ட் மாதத்தில் ஒரு காலை, மிளகாய்ச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு வேலியைத் தாண்டி வந்து விழுந்தது.

“என் கையக் கொண்டுபோய் ஊரே பாக்கிற மாதிரி சுவத்துல மாட்டிட்டியே செலோ!”

“ஆமா, மாட்டினேன்.”

“கழட்டு.”

“நான் கழட்ட மாட்டேன். வேணும்னா நீயே போய்க் கழட்டிக்கோ, கிழவா.”

பிறகு கம்பிவலைக் கதவை யாரோ அறைந்து சாத்தும் சத்தம். தோட்டத்தில் சர்க்கரைத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பறவைகள் ஒரு நொடி எழும்பி, நமக்கென்ன என்று மறுபடி வந்து உட்கார்ந்தன. (உட்கார்ந்தன என்பது பிழை. அவை உட்கார்வதில்லை, அந்தரத்தில் நிற்கும். சில சமயம் உட்காரவும் செய்யும். இருக்கட்டும்.)

இதை எழுதப் போகிறேன் என்று டெல்பர்ட், அவர் மனைவி செலோ, இரண்டு பேரிடமும் சொன்னேன். சொல்லாமல் எழுதியிருந்தால் தெரிந்திருக்காது. நான் எழுதுவது தமிழில். அரிசோனாவில் இந்த மலையடிவாரத்தில் அதைப் படிக்க என்னை விட்டால் ஆள் கிடையாது. ஆனாலும் எங்களுக்கு வேலி பொது. செலோ ஒரு நிபந்தனை போட்டார்: “என்னைய தேவதை ஆக்கிடாத, நெட். நான் கத்துனதெல்லாம் கத்துன மாதிரியே வரணும்.” டெல்பர்ட்டும் ஒன்று போட்டார்: “வியாதிப் பேர முதல் வரியில போடாத. அப்புறம் எவனும் என்னையப் பாக்க மாட்டான், அதைத்தான் பாப்பான்.”

போடவில்லை. அதன் பெயர் பார்க்கின்சன். இது முதல் வரி அல்ல.

2

கதையின் தொடக்கத்தில் பல முறை தடுக்கி விழுந்தேன். ‘விடியற்காலையில் சிறகுகளின் ரீங்காரம் கேட்டுத்தான் செலோ கண்விழிப்பார், அப்போது மலையின் மேல்—’ என்று ஒரு தாளில் நிற்கிறது. வேலிக்கருகே நின்று செலோவுக்கு வாயால் சொல்லிக் காட்டினேன். “ரீங்காரமா? மூத்திரம் முட்டித்தான் நான் முழிக்கிறேன்” என்றார். கிழித்துவிட்டேன். ‘இடியும் மழையுமாக இருந்த அந்த மாலையில் மின்கம்பத்தின் உச்சியில் ஒருவன்—’ என்று இன்னொன்று. அது டெல்பர்ட்டுக்குப் பிடித்திருந்தது, அதனாலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

பறவையின் பெயரும் பெரிய தொல்லை. தேன்சிட்டு என்றால் நீங்கள் முருங்கைப் பூவில் தொங்கும் நம்மூர்ச் சிட்டை நினைத்துக்கொள்வீர்கள். அது வேறு சாதி. ஹம்மிங்பேர்டுக்கு ஓசனிச்சிட்டு என்று ஒரு சொல் உண்டு. அழகான சொல்தான், ஆனால் கதைக்குள் ஒவ்வொரு முறை வரும்போதும் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வருவதுபோல் இருக்கிறது. செலோவின் தாய்வழி ஸ்பானிஷில் இதற்கு ‘ரோஜா உறிஞ்சி’ என்று அர்த்தம் வரும் ஒரு பேர் இருக்கிறது. நான் வெறுமனே சிட்டு என்று சொல்லிவிடுகிறேன். கட்டைவிரல் அளவு, ஊசி அலகு, ஹெலிகாப்டர்போல் ஒரே இடத்தில் நிற்கும், பின்னோக்கியும் பறக்கும். போதும்.

இன்னொன்று. செலோ, டெல்பர்ட் இருவருமே எனக்கு மூத்தவர்கள், இருவருமே ‘அவர்’. எந்த அவர் என்று நீங்கள் குழம்பக்கூடாதே என்பதற்காகப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். என் பெயர் நெடுஞ்செழியன். இந்தத் தெருவில் அது ‘நெட்’ ஆகிப் பல காலம் ஆகிறது.

3

டெல்பர்ட் ஸ்ட்ரௌட் மின்கம்பம் ஏறும் வேலை பார்த்தவர். புயல் ஓய்வதற்குமுன் ஏறுகிறவர் என்று ஊரில் பெயர். ஓய்வு பெற்றதும் ஒரு கேமராவும், குழந்தையின் தொடை அளவுக்கு ஒரு லென்ஸும் வாங்கிக்கொண்டு, தன் வீட்டுப் பின்பக்கத் தோட்டத்திலேயே குடியேறிவிட்டார். எங்கள் பக்கத்தில் அது அதிசயமில்லை. மலைக்கு இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு சிட்டுகளுக்குச் சர்க்கரைத் தண்ணீர்க் குப்பிகள் தொங்கும், வீட்டுக்கு வீடு கேமரா முக்காலியும் நிற்கும்.

அவருக்குச் சில சட்டங்கள் இருந்தன. படத்தில் குப்பி தெரியக்கூடாது. கம்பி, சுவர், வேலி, மனிதவாசனை எதுவும் கூடாது. ஒரே ஒரு குப்பியை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் இறக்கச் சொல்வார். அந்தக் குப்பியின் வாய்க்கு முன்னால் சால்வியா பூங்கொத்தைக் கிளிப் போட்டு நிறுத்துவார். பின்னால் பச்சை பூசிய பலகை. சுற்றிலும் ஃபிளாஷ் விளக்குகள், கல்யாண வீடு மாதிரி. சிட்டு வந்து நின்றால், விளக்கு வெட்டும் வேகத்தில் இறகு இறகாக உறைந்துவிடும். பார்ப்பவர்கள் ஏதோ மலைக்காட்டில், மனிதக் காலடி படாத இடத்தில் எடுத்தது என்று நினைப்பார்கள். பலகையைத் தாண்டி இரண்டடி தள்ளித் துணிக்கொடி இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

குப்பி கழுவுவது செலோ. சர்க்கரை கரைப்பது செலோ. எறும்பு ஏறாமல் பார்ப்பது, ராத்திரி வௌவால் வந்து காலிசெய்ததைக் காலையில் நிரப்புவது, எல்லாம் செலோ. சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு கதவைத் திறந்தாரென்றால் சிட்டுகள் மூக்குக்கு நேராக வந்து நிற்கும்.

“இந்த ஆளு எடுத்த படத்தையெல்லாம் அடுக்கினா கூரைய முட்டும்,” என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். “ஒண்ணுலயாவது இந்த வீடு இருக்கா பாரு. நான் வேணாம். வீடு?”

“வீட்ட எடுக்கணும்னா வீடு விக்கிறவன் எடுப்பான்,” என்றார் உள்ளேயிருந்து டெல்பர்ட்.

“காது மட்டும் நல்லாக் கேக்குது.”

(இந்த இடத்தில் ஒரு வாசகர் டெல்பர்ட்டைத் தன்னலக்காரர் என்று முடிவுகட்டக் கூடும். கொஞ்சம் பொறுங்கள். செலோவின் முழங்கால் வலிக்கு ஒவ்வொரு இரவும் தைலம் தேய்த்தவர் அவர்தான். அந்தக் காட்சியை எழுதினேன், செலோ வெட்டச் சொல்லிவிட்டார்: “அது எங்க சமாச்சாரம்.” வெட்டிவிட்டேன், அடைப்புக்குள் மட்டும் தப்பித்துவிட்டது.)

4

கை ஆடுவதற்கு டெல்பர்ட் முதலில் காபியின்மேல் பழி போட்டார். அப்புறம் வயதின்மேல். வலது கை சும்மா இருக்கும்போதுதான் ஆடும், வேலை கொடுத்தால் அடங்கிவிடும் என்றார். பிறகு வேலை கொடுத்தாலும் ஆடியது. முக்காலி கேமராவைப் பிடித்துக்கொள்ளும், ஃபிளாஷ் அசைவை வெட்டிவிடும், அதனால் படம் கெடாது. ஆனால் பொத்தானை அழுத்தவேண்டிய அந்த ஒரு கணத்தில் விரல் வேறெங்கோ இருக்கும்.

அதனால் கேமராவின் ரிமோட் செலோவின் கைக்குப் போனது. டெல்பர்ட் சொல்வார், செலோ அழுத்துவார். ஒரு மாதம் முழுக்க எங்கள் தெரு கேட்டது இதைத்தான்:

“இப்ப! இப்ப! அட... போச்சு.”

“நீ ‘இப்’னு சொல்லும்போதே அது போயிருச்சு. ‘ப’ வரைக்கும் அது காத்திருக்குமா?”

“நான் சொல்றதுக்கு முன்னாடியே அழுத்து.”

“நீ சொல்லப்போறேன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“இத்தன வருஷமா எங்கூட இருக்க!”

செலோ எடுத்ததெல்லாம் பறவை போன இடத்தின் படங்கள். பச்சைப் பலகை, பூ, வெறும் காற்று. சிலதில் ஓரத்தில் ஒரு வால் மட்டும். இரண்டு பேரும் கணினி முன்னால் அமர்ந்து அவற்றைப் பார்த்துச் சிரிப்பது என் சமையலறை வரை கேட்கும். இந்தப் பகுதியை எழுதும்போது நானும் சிரித்தேன். இங்கேயே கதையை நிறுத்திவிட்டால் என்ன என்றுகூட—

இல்லை. செலோ கேட்டுக்கொண்டது அப்படி இல்லை. கத்தினது கத்தின மாதிரியே வரவேண்டும்.

ஒருநாள் சிரிப்பு வரவில்லை. எங்கள் பக்கம் எப்போதாவது தலைகாட்டும் ஊதா உச்சிச் சிட்டு ஒன்று வந்து பூவின்முன் நின்றது, செலோ அழுத்தத் தவறினார், டெல்பர்ட் ரிமோட்டைப் பிடுங்கப் பார்த்தார், அது அவர் விரல்களிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப்போனவரின் கை பட்டு முக்காலியும் சாய்ந்தது. செலோ தாங்கிப் பிடித்தார்.

“விடு!” என்று கத்தினார் டெல்பர்ட். “எல்லாத்தையும் நீயே புடிக்காத! என்னால புடிக்க முடியாதுன்னு ஊருக்குச் சொல்லணுமா?”

“ஊரு எங்க இருக்கு இங்க? நானும் குருவியும்தான் இருக்கோம்!”

(வேலிக்கு இந்தப் பக்கம் நானும் இருந்தேன். குனிந்துகொண்டேன்.)

டெல்பர்ட் கேமராவைப் பையில் போட்டு, முக்காலியை மடக்கி, எல்லாவற்றையும் கார் நிறுத்தும் கொட்டகையில் வைத்துப் பூட்டினார். அதற்குப் பிறகு பின்பக்கக் கதவையே திறக்கவில்லை. ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்துகொண்டார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், கரண்டி தட்டில் டகடகவென்று அடிக்கும், பாதியில் எழுந்துவிடுவார். செலோ இதை என்னிடம் சொன்னபோது அழவில்லை. கோபமாகத்தான் சொன்னார். “பீன்ஸக் கூட ஸ்ட்ராவுல குடிக்கிற மாதிரி அரைச்சுத் தரவான்னு கேட்டேன். தப்பு, கேட்டிருக்கக் கூடாது. நாலு நாள் பேசல.”

5

இனி வருவதை நான் நேரில் பார்த்தேன். அதனால் எழுதுவது கஷ்டமாக இருக்கிறது. கற்பனை என்றால் சுலபமாகக் கை ஓடும்.

மழைக்காலம். மதியத்துக்குமேல் மலையில் மேகம் இறங்கும், அதற்கு முன்னால் சிட்டுகள் வெறிபிடித்ததுபோல் குடிக்கும். அந்தச் சமயத்தில் வடக்கிலிருந்து செம்பழுப்புச் சிட்டு ஒன்று வந்து சேர்ந்தது. இந்த இனம் ரவுடி. ஒரு குப்பியைத் தனதாக்கிக்கொண்டு வேறு எதையும் அண்டவிடாது. தோட்டமே அதற்குப் பயந்து காலியாகிவிட்டது.

செலோ ஜன்னலருகில் போய்க் கத்தினார்: “கிழவா! வெளிய வா. இந்தப் பொடிப்பய என் தோட்டத்த வளைச்சுப் போட்டுட்டான். எனக்கு இவன விரட்ட ஆள் வேணும்.”

உள்ளே தொலைக்காட்சியின் சத்தம் கூடியது.

“சரி, வராத. இத்தனூண்டு குருவிக்குப் பயந்துகிட்டு இரு.”

கதவு திறந்தது. டெல்பர்ட் பனியனும் தொப்பியுமாக வந்து நின்றார். தாடி வளர்ந்திருந்தது. செலோ அவரை ரவுடியின் குப்பிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்காரவைத்தார். ஆளைப் பார்த்ததும் அது எதிர்மரத்துக்குப் போய்க் குந்திக்கொண்டு முறைத்தது. மற்றவை மெல்ல வந்தன. செலோ ஒரு சிவப்பு பாட்டில்மூடியில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்தார்.

“இதக் கையில வச்சுக்கோ.”

“விளையாடாத செலோ. கை நிக்காது.”

“அதுங்க நிக்கிறதா பாத்து வருது? காத்துல பூ ஆடுது. ஆடுற பூவுல குடிக்கிறதில்லையா?”

டெல்பர்ட் வெகுநேரம் அந்த மூடியைப் பார்த்தார். பிறகு வலது கையை நீட்டினார். இடதை அல்ல. மூடி நடுங்கியது, தண்ணீர் பாதி சிந்தி விரலிடுக்கில் ஒழுகியது. நான் குழாயை மூடவும் மறந்து நின்றேன். ஒரு பெண் சிட்டு, பச்சை முதுகு, சாம்பல் வயிறு, அபூர்வம் ஒன்றுமில்லை, தினம் வருகிற சாதாரணச் சிட்டு, அவர் கைக்கு முன்னால் வந்து நின்றது. கை இடப்பக்கம் போனால் அதுவும் இடப்பக்கம். கை வலப்பக்கம் வந்தால் அதுவும். கையின் ஆட்டத்தை அப்படியே தானும் ஆடிக்கொண்டு, அலகை மூடியிலிருந்து எடுக்காமல் குடித்தது.

டெல்பர்ட்டின் வாய் திறந்திருந்தது. 

செலோ எப்போது கொட்டகைப் பூட்டைத் திறந்தார், எப்போது கேமராவை எடுத்துவந்தார் என்று நான் கவனிக்கவில்லை. ஃபிளாஷ் இல்லை, முக்காலி இல்லை. எந்தத் திருகாணி எதற்கு என்றும் தெரியாது. அழுத்தினார். அழுத்திக்கொண்டே இருந்தார்.

6

அந்தப் படங்களில் ஒன்று. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. டெல்பர்ட்டின் சட்டம் அத்தனையும் உடைந்த படம். மேலே குப்பி பாதி தெரிகிறது. பின்னால் துணிக்கொடி, அதில் அவருடைய உள்பனியன். சமையலறை ஜன்னல். நடுவில் அந்தக் கை, ஓரமெல்லாம் கரைந்து, புகைபோல. சிட்டின் சிறகும் அதேபோல் புகை. எது சிறகு எது கை என்று முதல் பார்வையில் தெரியாது. சிட்டின் கண் மட்டும் கடுகுபோல் தெளிவாக, பளபளவென்று இருக்கிறது.

ஆகஸ்ட் திருவிழாவுக்கு ஊர் நூலகத்தில் பறவைப் படங்கள் வைப்பார்கள். ஆண்டுதோறும் டெல்பர்ட் கொடுப்பார். இந்த முறை அவர் கொடுக்கவில்லை. செலோ கொடுத்தார். அடியில் ‘என் வீட்டுக்காரர்’ என்று தலைப்பு. டெல்பர்ட்டிடம் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “கேட்டா வேணாம்னுவான். அப்புறம் நான் அவன் பேச்சக் கேக்காம இருக்கணும். எதுக்குச் சுத்தி வளைக்கணும்?” என்றார்.

தபால் நிலையத்தில் லோரெய்ன் என்ற பெண் சொல்லித்தான் டெல்பர்ட்டுக்குத் தெரிந்தது. “நூலகத்துல உங்க கையப் பாத்தேன் டெல்பர்ட். எனக்கு அழுகையே வந்திருச்சு” என்றாராம். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் கம்பத்தின் உச்சியில் தன்னைப் பார்த்த ஊர் இப்போது தன் கையைப் பார்த்து அழுகிறது என்பதை அந்த மனிதரால் விழுங்க முடியவில்லை. அன்று காலைதான் அந்தச் சண்டை என் மிளகாய்ச் செடிகளின்மேல் விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் டெல்பர்ட் என் கதவைத் தட்டினார். வண்டி ஓட்டுவதை அவர் நிறுத்தி நாளாகியிருந்தது.

“நெட், சாவி எடு. நூலகத்துக்குப் போகணும்.”

“எதுக்கு?”

“ஒரு படத்தக் கழட்டணும்.”

7

முதலில் எழுதிய முடிவு: டெல்பர்ட் படத்தைப் பார்க்கிறார், கண் கலங்குகிறது, வீட்டுக்கு ஓடிப்போய் மனைவியைக் கட்டிக்கொள்கிறார். செலோவிடம் சொன்னேன். “யாரு, எங்காளா? ஓடினாரா? எந்த ஊர்ல?” என்றார்.

இரண்டாவது: படத்தைக் கழற்றிக் கொண்டுவந்து விடுகிறார். செலோ வெறும் ஆணியைப் போய்ப் பார்க்கிறார். இது இலக்கியத்தரமாக இருந்தது. நடக்கவில்லை.

நடந்தது இது. நூலகத்தில் கூட்டமில்லை. டெல்பர்ட் வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு படத்தின்முன் போய் நின்றார். நான் பின்னால் நின்றேன். கடைசியில், “வெளிச்சம் தப்பு” என்றார். பிறகு, “என் பனியன் தெரியுது.” பிறகு, “ஃபோகஸ எங்க வச்சிருக்கா பாரு. கண்ணுல. சரியா கண்ணுல வச்சிருக்கா.”

வெளியூர் ஆட்களாகத் தெரிந்த ஒரு தம்பதி பக்கத்தில் வந்து நின்றார்கள். அந்தப் பெண் நெடுநேரம் பார்த்துவிட்டு டெல்பர்ட்டிடம் கேட்டார்: “இது நீங்க எடுத்ததா?”

“இல்லம்மா. எடுத்தது என் பொண்டாட்டி.” பையிலிருந்து கையை வெளியே எடுத்தார். “நான் பூ.”

(இதை நான் கற்பனைசெய்ததாக நீங்கள் சந்தேகிப்பீர்கள். செலோவும் சந்தேகப்பட்டார். “அந்த ஆளு அப்படியெல்லாம் பேச மாட்டான், நீ எழுதிக்கிட்ட.” எனக்கு அவ்வளவு திறமை கிடையாது. டெல்பர்ட்டைக் கேட்டால், “இருமினேன், இவனுக்கு அப்படிக் கேட்டிருக்கும்” என்கிறார்.)

அந்தப் பெண்ணுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அழவில்லை. சிரித்தார். டெல்பர்ட்டும் சிரித்தார். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை அவ்வளவு பக்கத்தில் கேட்டேன். படம் சற்றே கோணலாகத் தொங்குகிறது என்று நேராக்கக் கைவைத்தார், முன்னைவிடக் கோணலானது. “இருக்கட்டும்” என்று விட்டுவிட்டார்.

வண்டியில் திரும்பினோம். வீட்டு வாசலில் செலோ இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார்.

“கழட்டிட்டியா?”

“ஏணி இல்ல,” என்றார் டெல்பர்ட்.

செலோ என்னைப் பார்த்தார். படம் என் மார்பு உயரத்தில்தான் மாட்டியிருந்தது என்பதை நான் சொல்லவில்லை.

“உள்ள வா,” என்றார் டெல்பர்ட் செலோவிடம். “கேமராவக் கொண்டா. வெளிச்சம் எப்படி அளக்கிறதுன்னு சொல்லித் தர்றேன். இப்படி எடுத்தா என் மானம் போகுது.”

8

இங்கே முடிவு வரவேண்டும். எழுதிக் கடைசிவரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். இந்த வியாதிக்கு ஒரு முடிவு உண்டு. மருத்துவர் அதை டெல்பர்ட்டிடம் சொல்லியிருக்கிறார், டெல்பர்ட் செலோவிடம் சொல்லியிருக்கிறார், செலோ என்னிடம் ஒரு நாள் மாவு பிசைந்துகொண்டே சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். உங்களுக்கும் தெரிந்திருக்கும். தெரிந்த முடிவை எழுத ஒரு எழுத்தாளன் எதற்கு?

நேற்று செலோ கேட்டார்: “எப்படி முடிச்ச?”

“இன்னும் முடிக்கல.”

“எங்களச் சாகடிச்சியா?”

“இல்ல.”

“சந்தோஷமா ரொம்ப நாள் வாழ்ந்தோம்னு போட்டியா?”

“அதுவும் இல்ல.”

“அப்ப அப்படியே வுடு. எல்லாத்தையும் மூடி போட்டு வைக்கணுமா?”

உங்களுக்கு முடிவு இல்லாமல் தூக்கம் வராது என்றால், நீங்களே ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை. ‘அந்தக் குளிர்காலத்தில்—’ என்று தொடங்கினால் சுலபமாக ஓடும். நான் தொடங்கிப் பார்த்தேன். அதனால்தான் நிறுத்தினேன்.

இப்போது மலையில் மேகம் இறங்கிவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து டெல்பர்ட் கூப்பிடுகிறார். மழைத்தூறலில் சிட்டு குளிப்பதைப் படம் எடுக்க வேண்டுமாம், கேமரா நனையக்கூடாதாம், குடை பிடிக்க ஒரு ஆள் தேவையாம். குடையும் படத்தில் விழப்போகிறது. செலோ அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

போகிறேன். பேனா மேசைமேல்தான் இருக்கிறது. நான் திரும்புவதற்குள் யாராவது இதை முடித்து வைத்திருந்தால், தயவுசெய்து அவர்கள் இருவரிடமும் வாசித்துக் காட்டிவிடாதீர்கள்.